லாஸ் ஏஞ்சலஸ் நெய்பர்ஹுட் கவுன்சிலுக்கு உண்மையில் ஏதாவது அதிகாரம் உண்டா?

பள்ளத்தாக்கான்:

சான் ஃபெர்னாண்டோ வேலியில் ஏழு வருடமாக இருக்கிறேன். எங்கள் தெருமுனையில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஒரு வண்டியும் நிற்பதில்லை. ஒரு ஸ்டாப் சைன் கேட்டுப் பார்க்கலாமே என்று போன மாதம் எங்கள் வட்டார நெய்பர்ஹுட் கவுன்சில் கூட்டத்துக்குப் போனேன். இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். மூச்சு விடாமல் பேசினேன், போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைக்கூடத் தூக்கிக் காட்டினேன். பேசி முடித்தால், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தனை பேரும் கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கேள்வி இல்லை, ஒரு பதில் இல்லை. தலைவராக இருக்கிற அம்மா "நன்றி, அடுத்தவர்" என்றார். அதோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது.

இப்போது பக்கத்து வீட்டுப் பெரியவர், அடுத்த தேர்தலில் நீ நின்றுவிடு, நம்ம தெருவுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நச்சரிக்கிறார். எனக்கு அடிப்படையே புரியவில்லை. இது அரசு அமைப்பா, இல்லை பொழுதுபோகாதவர்கள் நடத்தும் சங்கமா? காசு எங்கிருந்து வருகிறது, யார் இவர்களைக் கேள்வி கேட்பது? இன்னொன்று, நான் இருப்பது எச்-1பி விசாவில். நான் தேர்தலில் நிற்கவே முடியாது என்றால் பெரியவரிடம் இன்றைக்கே சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

பழைய கணக்குப்பிள்ளை:

நான் ஒரு கவுன்சிலில் நான்கு வருடம் பொருளாளராகக் குப்பை கொட்டினேன் (எது என்று சொல்ல மாட்டேன், அங்கே இருப்பவர்களோடு இன்னும் காபி குடிக்கிறேன்).

முதலில் உங்கள் கொலு பொம்மை விவகாரம். அவர்கள் உங்களை மதிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் பிரவுன் சட்டம் என்று ஒன்று 1953லிருந்து இருக்கிறது. பொது அமைப்புகள் எதைப் பேசினாலும் திறந்த கூட்டத்தில்தான் பேச வேண்டும், என்ன பேசப்போகிறோம் என்ற நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்ட வேண்டும். நிரலில் இல்லாத விஷயத்தை நீங்கள் எழுந்து சொல்லலாம், அது உங்கள் உரிமை. ஆனால் போர்டு (மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கவுன்சில் உறுப்பினர்கள்) அதைப் பற்றி விவாதிக்கவோ ஓட்டுப் போடவோ கூடாது. சுருக்கமாக ஒரு பதில், ஒரு சந்தேகம் கேட்பது, அவ்வளவுதான் அனுமதி. புதிதாக வந்த உறுப்பினர்கள் வம்பே வேண்டாம் என்று வாயை இறுக மூடிக்கொள்வார்கள். நானும் முதல் வருடம் பொம்மைதான். அந்த அம்மா "இதை நிரலில் சேர்க்க மின்னஞ்சல் அனுப்புங்கள்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம், அது அவர் தவறு.

அடுத்து, இது அரசா சங்கமா என்ற கேள்வி. இரண்டுக்கும் நடுவில் தொங்குகிற ஒன்று. தொண்ணூறுகளின் கடைசியில் உங்கள் வேலிப் பகுதியே "நாங்கள் தனி நகரமாகப் போகிறோம்" என்று கிளம்பியது. ஏறக்குறைய 40 லட்சம் பேருக்கு 15 சிட்டி கவுன்சில் உறுப்பினர்கள் என்றால் தலைக்கு இரண்டரை லட்சம் பேர், யார் குரல் யாருக்குக் கேட்கும்? அந்தக் கோபத்தைத் தணிக்கிற வழிகளில் ஒன்றாகத்தான் 1999ல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட புதிய நகர சாசனத்தில் நெய்பர்ஹுட் கவுன்சில்களைச் சேர்த்தார்கள். 2002ல் பிரிவினை ஓட்டெடுப்பு தோற்றுப்போனது, கவுன்சில்கள் நிலைத்துவிட்டன. இப்போது 99 இருக்கின்றன. சாசனமே பெற்ற பிள்ளை என்பதால் நகர அரசின் அங்கம்தான், ஆனால் வேலை ஆலோசனை சொல்வது மட்டும். ஸ்டாப் சைன் போடுவது போக்குவரத்துத் துறை.

காசு மாநகராட்சி பட்ஜெட்டிலிருந்து வருகிறது. ஆரம்பத்தில் ஒரு கவுன்சிலுக்கு வருடம் 50,000 டாலர், அப்புறம் தேய்ந்து தேய்ந்து 32,000 வரை வந்தது. பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதலில் கை வைக்கிற இடங்களில் இதுவும் ஒன்று. அந்தக் காசை நம் இஷ்டத்துக்குத் தொட முடியும் என்று நினைத்தால் சிரிப்பு வரும். கணக்கு மேற்பார்வை சிட்டி கிளார்க் (நகர ஆவணங்களையும் தேர்தல்களையும் கவனிப்பவர்) அலுவலகத்திடம். மாதாமாதம் செலவு அறிக்கையை நிரலில் போட்டு, போர்டு ஓட்டெடுத்து, ரசீதோடு ஏற்ற வேண்டும். ஒருமுறை தெருச் சுத்தம் செய்ய வந்த பிள்ளைகளுக்கு பீட்சா வாங்கிய 46 டாலர் ரசீதைத் தொலைத்துவிட்டு, அந்தக் கடைக்காரரிடம் போய் நகல் வாங்க மூன்று தடவை நடந்தேன். மானியம் கொடுப்பதென்றால் பதிவு செய்த லாப நோக்கமற்ற அமைப்புக்கோ அரசுப் பள்ளிக்கோதான் கொடுக்கலாம். அந்த அமைப்பில் உங்களுக்குப் பண லாபம் ஏதாவது இருந்தால் நீங்கள் ஒதுங்கிவிட வேண்டும். நெறிமுறைப் பயிற்சியும் நிதிப் பயிற்சியும் முடிக்காத உறுப்பினர் பண விஷயத்தில் ஓட்டுப் போட முடியாது.

யார் கேள்வி கேட்பது என்றால், நெய்பர்ஹுட் எம்பவர்மென்ட் என்று தனித் துறையே இருக்கிறது. கைகொடுத்துத் தூக்கிவிடுவதும் அதுதான், காதைத் திருகுவதும் அதுதான். அதற்கு மேல் மேயர் நியமிக்கிற ஏழு பேர் ஆணையம், கொள்கை வகுப்பது அவர்கள். ஒரு கவுன்சில் சண்டை போட்டுக்கொண்டு கூட்டமே நடத்தவில்லை என்றால் துறை உள்ளே புகுந்து நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளும், அதிலும் சரிவரவில்லை என்றால் அங்கீகாரத்தையே ரத்து செய்ய ஆணையத்தால் முடியும். சட்ட சந்தேகம் என்றால் சிட்டி அட்டர்னி அலுவலகத்தில் இதற்கென்றே வக்கீல்கள் உண்டு.

விசா பற்றிப் பிறகு எழுதுகிறேன், சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

சும்மா வந்தவன்:

இவ்வளவு பயிற்சி, ரசீது, நிரல். கடைசியில் "ஆலோசனை" மட்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சிட்டி கவுன்சிலர் அலுவலகத்துக்கு நேராக போன் போடுங்கள், மாநகராட்சியின் புகார் எண் 311ல் புகார் பதியுங்கள். வேலை முடியும்.

பொடோமாக் கரை:

சும்மா வந்தவன் சொல்வதில் பாதிதான் சரி. ஆலோசனை என்றாலும் ஊருக்கு ஊர் அதன் எடை மாறும். நான் வாஷிங்டன் டிசி. இங்கே இதே மாதிரி அமைப்புக்கு அட்வைசரி நெய்பர்ஹுட் கமிஷன் என்று பெயர், டிசிக்குத் தன்னாட்சி கொடுத்த 1973ன் ஹோம் ரூல் சட்டத்திலிருந்து வந்தது. ஏறக்குறைய 2,000 பேருக்கு ஒரு உறுப்பினர், பொதுத் தேர்தல் வாக்குச்சீட்டிலேயே பெயர் வரும், சம்பளம் கிடையாது. முக்கியமான விஷயம் என்னவென்றால், கமிஷன் முறைப்படி எழுதி அனுப்பிய கருத்துக்கு அரசுத் துறைகள் "பெரும் எடை" தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். மதுபான உரிமம், கட்டட அனுமதி விசாரணைகளில் இது சாதாரண விஷயமில்லை. அதிகாரிக்கு காரணம் எழுதுவதைவிட ஒத்துப்போவது சுலபமாக இருக்கிற நேரம் நிறைய உண்டு!

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். சியாட்டிலில் 2016ல் மேயர் எட் மர்ரி, வட்டார மன்றங்களோடு மாநகராட்சிக்கு இருந்த அதிகாரபூர்வ உறவையே துண்டித்தார். வாடகைக்கு இருப்பவர்கள், இளைஞர்கள், குடியேறியவர்கள் யாருமே இல்லை, சொந்த வீடு வைத்திருக்கும் வயதான வெள்ளைக்காரர்களே பேசுகிறார்கள், இது வட்டாரத்தின் குரல் இல்லை என்பது காரணம். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, ஆனால் குற்றச்சாட்டை மறுக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை இரவு மூன்று மணி நேரம் உட்கார யாரால் முடியும்? அதனால் பள்ளத்தாக்கான் மாதிரி ஆட்கள் நிற்பது நல்லது என்பேன்.

மூன்றாம் தெரு அக்கா:

நான் இப்போது போர்டில் இருக்கிறேன். தம்பி, நிற்பதாக இருந்தால் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வா. உன் விரலுக்கும் சட்டம் உண்டு.

சேர்ந்த முதல் மாதம், சக உறுப்பினர் ஒருவர் எங்கள் பகுதியில் வரப்போகிற அடுக்குமாடிக் கட்டடம் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தார். பஸ்ஸில் வரும்போது பார்த்தேன், சும்மா ஒரு கட்டைவிரலைத் தூக்கிவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் தலைவரிடமிருந்து போன், "அந்த லைக்கை எடு, உடனே எடு." 2021லிருந்து அப்படி விதியாம். போர்டு முன் வரக்கூடிய விஷயத்தில் ஒரு உறுப்பினர் போட்ட பொதுப் பதிவுக்கு இன்னொரு உறுப்பினர் பதில் எழுதக்கூடாது, எமோஜிகூடப் போடக்கூடாது. வாட்ஸ்அப் குழுவும் அதே தலைவலி. நான் உன்னிடம் சொல்லி, நீ அவரிடம் சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொல்லி, பெரும்பான்மை பேர் பேசி முடித்துவிட்டால் அது ரகசியக் கூட்டம் நடத்திய கணக்கு. பிறந்தநாள் வாழ்த்து, யார் நாற்காலி கொண்டுவருவது, இதோடு நிறுத்திக்கொள்கிறோம். நம்ம ஆட்களுக்கு இது ரொம்பக் கஷ்டம். எதையும் நாலு பேரிடம் கலந்து பேசாமல் முடிவெடுத்துப் பழக்கமில்லையே.

சும்மா வந்தவனுக்கு: 311ம் செய்யட்டும், இதையும் செய்யட்டும். சிட்டி கவுன்சில் கோப்பில் இருக்கிற விஷயத்துக்கு நாங்கள் சமூகத் தாக்க அறிக்கை என்று ஒன்று தாக்கல் செய்வோம், அது அந்தக் கோப்போடு போகும், நிரலிலும் எங்கள் பெயர் அச்சாகும். ஸ்டாப் சைனுக்கு அந்த வழி இல்லை, அதற்குப் போர்டு தீர்மானம் போட்டு கவுன்சிலர் அலுவலகத்துக்கும் போக்குவரத்துத் துறைக்கும் கடிதம். தனி ஆள் கேட்பதற்கும் வட்டாரமே ஓட்டுப் போட்டுக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, எங்கள் பகுதியில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழைய கணக்குப்பிள்ளை:

சாப்பிட்டாச்சு. விசா விஷயம்: குடியுரிமை கேட்கவே மாட்டார்கள். அந்த எல்லைக்குள் குடியிருந்தாலோ, வேலை பார்த்தாலோ, சொத்து இருந்தாலோ, அங்கிருக்கும் சமூக அமைப்பு ஒன்றில் பங்கெடுத்தாலோ ஓட்டுப் போடலாம். எந்த இருக்கைக்கு யார் நிற்கலாம் என்பது உங்கள் கவுன்சிலின் விதிமுறையில் இருக்கும், படித்துவிடுங்கள். ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் ஒரு காபி வாங்கினேன் என்று ரசீதைக் காட்டியே ஓட்டுப் போட வந்தார்கள், அதை அப்புறம் இறுக்கிவிட்டார்கள். தேர்தலை நடத்துவது சிட்டி கிளார்க், ஒற்றைப்படை வருடங்களில். ஆக, பெரியவரிடமிருந்து தப்பிக்க வேறு காரணம் தேடுங்கள்.

பள்ளத்தாக்கான்:

எல்லாருக்கும் நன்றி. தேர்தலைப் பிறகு பார்க்கலாம் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். கணக்குப்பிள்ளை சார் சொன்னபடி தலைவர் அம்மாவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், மறுநாளே பதில் வந்தது, ரொம்ப மரியாதையாக. செவ்வாய்க்கிழமை நிரலில் 9வது விஷயமாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் தெருப் பெயரைத் தப்பாகப் போட்டு, இரண்டு மைல் தள்ளி இருக்கிற வேறு தெரு மாதிரி வருகிறது. கூட்டத்தில் வாயால் திருத்திக்கொள்ளலாம்தானே?

பழைய கணக்குப்பிள்ளை:

ஐயோ, கூடாது. வேறு தெருவுக்கு ஓட்டெடுத்த மாதிரி ஆகிவிடும், யாராவது ஆட்சேபித்தால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவார்கள். கூட்டம் செவ்வாய் மாலை 7 மணி என்றால் சனி மாலை 7 மணிக்குள் திருத்தி ஒட்டியாக வேண்டும். இன்றைக்கு வெள்ளி. மின்னஞ்சல் வேண்டாம், போன் போடுங்கள். அப்புறம் 9வது விஷயம் வர இரவு பத்து ஆகும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.