ஐஎஸ்ஓ ஃபைல் டேட்டாஸ்டோரில் ஏற மறுத்த அனுபவங்கள் – சேலத்து நண்பர்கள் பகிரலாம்

ஓமலூர் ரோடு

இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பிராக்டிகல் தேர்வு நெருங்கினால் புது லினக்ஸ் ஐஎஸ்ஓவை (நிறுவல் டிஸ்க்கை அப்படியே ஒரே ஃபைலாக்கியது), விஎம்வேர் சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வி-சென்டர் வழியாக, அவற்றின் சேமிப்பிடமான டேட்டாஸ்டோரில் ஏற்ற வேண்டியிருக்கும். ஃபைலைத் தேர்ந்தெடுத்த உடனேயே ஒரு செய்தி வரும்: காரணம் தெரியாமல் வேலை நின்றது, பெரும்பாலும் பிரௌசர் நம்பாத சர்டிபிகேட்டால் (சர்வர் காட்டும் அடையாளச் சான்று) இப்படி ஆகும், கீழே உள்ள முகவரியை வேறு டேபில் திறந்து ஏற்றுக்கொண்டு மறுபடி முயலவும். புதிதாகச் சேரும் லேப் உதவியாளர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். "வி-சென்டரில் லாகின் ஆகிவிட்டேனே சார், இன்னும் என்ன சர்டிபிகேட்?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். லாகின் ஆவது வி-சென்டரில், ஆனால் ஃபைல் அது வழியாகப் போவதில்லை. நம் பிரௌசர் நேராக ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டின் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வரின்) 443 போர்ட்டுக்குத் தனித் தொடர்பு போட்டு அங்கேதான் ஃபைலைக் கொட்டுகிறது. ஹோஸ்டுக்கு வேறு சர்டிபிகேட். அந்தத் தொடர்பு பின்னணியில் நடப்பதால், பிரௌசர் வழக்கமான எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டி நம்மிடம் கேட்பதில்லை. பேசாமல் வெட்டிவிடுகிறது.

அந்த முகவரியைத் திறந்து 'அட்வான்ஸ்டு' அழுத்தி ஏற்றுக்கொண்டால் அன்றைக்கு ஃபைல் ஏறிவிடும். எனக்கு அந்த வழியில் உடன்பாடில்லை. எச்சரிக்கை வந்தாலே தாண்டிப் போகலாம் என்று கை பழகிவிட்டால், நாளைக்கு வேறு யாரோ நடுவில் புகுந்து காட்டும் போலிப் பக்கத்திலும் அதே கை ரூட் (தலைமை அட்மின்) பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுக்கும். மாணவர்கள் நூற்றுக்கணக்கில் புழங்கும் நெட்வொர்க்கில் இது வெறும் கற்பனை பயம் இல்லை.

நிரந்தரத் தீர்வு இதுதான். வி-சென்டர் 6.0 முதல், அதாவது 2015 முதல், அதற்குள்ளேயே விஎம்சிஏ என்ற சான்றளிக்கும் அமைப்பு இருக்கிறது. அதில் சேர்க்கும் ஹோஸ்டுகளுக்கு வழக்கமாக அதுவே சர்டிபிகேட் தருகிறது. வி-சென்டரின் முகப்புப் பக்கத்திலேயே ரூட் சர்டிபிகேட்டுகளை (மற்ற சர்டிபிகேட்டுகளுக்குக் கையெழுத்துப் போடும் மூலச் சான்றுகளை) இறக்கிக்கொள்ள லிங்க் உண்டு. ஜிப்பாக வரும், அதில் விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று தனித்தனி ஃபோல்டர். விண்டோஸில் அதை 'ட்ரஸ்டட் ரூட்' பகுதியில் நிறுவி, பிரௌசரை முழுக்க மூடித் திறந்தால் வி-சென்டரும் எல்லா ஹோஸ்டுகளும் சேர்ந்து நம்பிக்கைக்குள் வந்துவிடும். அட்மின் வேலை பார்க்கும் கணினிகளில் மட்டும் நிறுவுங்கள். அந்த ரூட் எந்தப் பெயருக்கும் கையெழுத்துப் போடக்கூடியது, லேப் கணினிகளுக்கு அது தேவையே இல்லை.

ஏற்காடு எஸ்டேட்

எங்கள் கதை வேறு. மலையில் மழை பிடித்தால் கரண்டும் போகும், இன்டர்நெட் லைனும் போகும். ஒரு தடவை இரண்டும் போய்க் கரண்டு மட்டும் திரும்பி வந்தது. ஆபீஸ் கணினியில் சர்டிபிகேட் சரியாகத்தான் நிறுவியிருந்தோம், ஆனாலும் அப்லோட் நகரவில்லை. ஹோஸ்ட் முகவரியைத் தனி டேபில் திறந்தபோது குரோம் 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்றது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது. அந்தத் தேதியில் சர்டிபிகேட் இன்னும் பிறக்கவே இல்லை! லைன் இருந்திருந்தால் விண்டோஸ் தானாக நேரத்தைத் திருத்தியிருக்கும். கையால் தேதியை மாற்றியதும் ஃபைல் ஏறியது. பேட்டரி வாங்கத்தான் சேலத்துக்கு இறங்க வேண்டியதாயிற்று.

செவ்வாய்ப்பேட்டை

வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு சர்வர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். ரூட் நிறுவியாயிற்று, தேதி சரி, அப்போதும் அதே செய்தி. காரணம் பெயர். ஹோஸ்டை வி-சென்டரில் எந்தப் பெயரில் சேர்த்தார்களோ, பிரௌசரும் அதே பெயரைத்தான் தேடிப் போகிறது. கடை லேப்டாப்பின் டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு) அந்தப் பெயரே இல்லை. வி-சென்டருக்குத் தெரிந்த பெயர் லேப்டாப்புக்குத் தெரியவில்லை, பழி மட்டும் சர்டிபிகேட் மேல் விழுந்தது. ஆக, அந்தச் செய்தியை அப்படியே நம்பாதீர்கள். ஹோஸ்ட் பெயர் பிங் ஆகிறதா, 443 திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஐபி போட்டுத் திறக்கிறவர்களுக்கு ஒன்று: 2017ல் வந்த குரோம் 58 முதல், சர்டிபிகேட்டின் மாற்றுப் பெயர்ப் பட்டியலில் அந்த ஐபியோ பெயரோ இருந்தால்தான் ஏற்கும். பழைய 'காமன் நேம்' மட்டும் இருந்தால் போதாது. ஹோஸ்ட் பெயரை மாற்றியிருந்தால் வி-சென்டரில் அந்த ஹோஸ்டின் சர்டிபிகேட்டைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டி

அண்ணா, நான் ஃபயர்பாக்ஸ்தான் பயன்படுத்துகிறேன். விண்டோஸில் நிறுவினால் அதற்கும் போதுமா? அப்புறம் தனி ஈஎஸ்எக்ஸ்ஐ, வி-சென்டரே இல்லை என்றால் என்ன செய்வது?

ஓமலூர் ரோடு

ஃபயர்பாக்ஸ் தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது தம்பி. 2023 நவம்பரில் வந்த 120ஆம் பதிப்பு முதல், நாமாக விண்டோஸில் சேர்த்த ரூட்டையும் தானே எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்தையது என்றால் அதன் செட்டிங்ஸில் போய்த் தனியாக இம்போர்ட் செய்ய வேண்டும்.

தனி ஹோஸ்டில் இருப்பது அதுவே தனக்குப் போட்டுக்கொண்ட சர்டிபிகேட். அதை ஏற்றுத்தான் ஆக வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதே. சர்வர் முன்னால் போய் மஞ்சள்-சாம்பல் திரையில் எஃப்2 அழுத்து. 'வியூ சப்போர்ட் இன்ஃபர்மேஷன்' பகுதியில் அந்த சர்டிபிகேட்டின் எஸ்எஸ்எல் கைரேகை எண் (தம்ப்பிரிண்ட்) இருக்கும். பிரௌசர் காட்டும் எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார், ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்.

செவ்வாய்ப்பேட்டை

விஎம்வேருக்கு மாற்றான ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பக்கம் திறக்கும் அதே 8006 போர்ட்டிலேயே அப்லோடும் போகிறது, இரண்டாவது சர்டிபிகேட் குறுக்கே வருவதில்லை. அங்கே ஃபைல் பாதியில் நின்றால் சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்க்கில் காலியிடம் பாருங்கள். ஸ்டோரேஜுக்குப் போகும் முன் ஃபைல் தற்காலிகமாக அங்கேதான் இறங்குகிறது.