கூட்டுக் குவில்ட்டில் (பல பேர் ஆளுக்கொரு சதுரம் தைத்து ஒன்றாகச் சேர்க்கும் போர்வை) உங்களை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் எது? குழுவில் வந்த பதில்கள், ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் புனைபெயர்

பிட்டுத்துணி

கீமோவில் இருந்த தோழிக்கான குவில்ட். 20 பிளாக், அதாவது துண்டுகள் சேர்த்துத் தைத்த சதுரம். ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளை பாப்ளின் கட்டம், அதில் தைத்தவர் பெயரும் ஒரு வரியும். தபாலில் வந்து சேர்ந்ததும் சுருக்கம் எடுக்க அயர்ன் பாக்ஸ் வைத்தார்கள். பாக்ஸ் நகர நகர எழுத்து காணாமல் போனது. "அன்புடன்" என்ற வார்த்தையில் "அன்" மட்டும் பாக்ஸ் படாத இடத்தில் மிச்சம்.

ஆறு பேர் சூட்டில் அழிகிற பேனாவால் எழுதியிருக்கிறார்கள். வெட்டுக்கோடு போட நாம் எல்லாரும் வைத்திருப்பதுதான், கைக்கு முதலில் கிடைத்ததும் அதுதான். 60 டிகிரி தாண்டினால் நிறம் போய்விடும். ஆனால் மை துணியிலேயேதான் இருக்கிறது. கட்டங்களை ஜிப் கவரில் போட்டு ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்ததும் சாம்பல் நிறத்தில் திரும்பி வந்தது. அதன் மேலேயே பிக்மா மைக்ரான் 05 என்ற அழியாத மைப் பேனாவால் எழுதி, 24 மணி நேரம் காயவிட்டு, நீராவி இல்லாமல் அயர்ன் செய்தோம். ஐந்து கட்டம் தேறியது. ஆறாவதில் கடைசி வரியைப் படிக்க முடியவில்லை. எழுதியவரிடமே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

இப்போதெல்லாம் துணியோடு பேனாவும் சேர்த்தே போகிறது. எழுதும்போது துணி நழுவாமல் இருக்க அடியில் நைஸ் உப்புத்தாள். ஓரத்திலிருந்து ஒரு இஞ்ச் உள்ளே எழுதச் சொல்ல மறக்காதீர்கள், இல்லையென்றால் சீம் (இரண்டு துணியைச் சேர்க்கும்போது உள்ளே போகும் தையல் ஓரம்) பெயரை விழுங்கிவிடும்.

இரண்டுநூல்

பேனாவை விடுங்கள், அளவுதான் முதல் எதிரி. 12½ இஞ்ச் பிளாக் என்று எழுதி அனுப்பியும் வந்ததில் பாதிக்கு மேல் 12 இஞ்ச்தான் இருந்தது. யாரும் தப்பாக வெட்டவில்லை. குவில்ட்டில் சீம் கால் இஞ்ச், அதாவது இரண்டு நூல். பிளவுஸ் தைத்துப் பழகிய கைக்கு இரண்டு நூலில் தைத்தால் பிரிந்துவிடும் என்ற பயம், தன்னையறியாமல் கொஞ்சம் உள்ளே தள்ளும். ஒரு சீமுக்கு இரண்டு பக்கத் துண்டிலும் சேர்த்து அரை நூல் கூடப் போனால் போதும். குறுக்கே எட்டு துண்டு, ஏழு சீம், மூன்றரை நூல் போயே போச்சு.

அந்த வரிசையில் ஒரு நட்சத்திர பிளாக். அதை மற்றதோடு இழுத்துச் சேர்த்ததில் நாலு முனையும் மொட்டை. இன்றைக்கும் படத்தில் கண் நேராக அங்கேதான் போகிறது.

தைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை கட்டாயம்: 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி நீளவாக்கில் சேர்த்துத் தைத்து அயர்ன் செய்தால் மொத்தம் 3½ வரவேண்டும், நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச். குறைவாக வந்தால் ஊசியை ஒரு புள்ளி வலது பக்கம் தள்ளுங்கள். இதையெல்லாம் மீறியும் குறைவாக வந்த பிளாக்கைப் பிரித்துத் திரும்பத் தைப்பதில் தப்பே இல்லை.

ஓரப்பட்டை

@இரண்டுநூல், அந்தக் கடைசி வரி தப்பு. தைத்தவருக்குத் தெரியாமல் பிளாக்கைப் பிரிப்பது அவர் எழுதிய கடிதத்தைத் திருத்தி எழுதுவது மாதிரி. அதுவும் தேவையே இல்லாத வேலை.

11¾ முதல் 12½ வரை எது வந்தாலும் சுற்றிலும் 2 இஞ்ச் பட்டை தைத்துவிட்டு எல்லாவற்றையும் 14½க்கு நறுக்கினால் முடிந்தது. சீமில் போனது போக 11¾ பிளாக் பட்டை சேர்ந்ததும் 14¾ ஆகும், பக்கத்துக்கு ஒரு நூல் போனால் அளவு சரி. 12½ பிளாக்கில் பக்கத்துக்கு அரை இஞ்ச் போகும். பட்டை எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் அகல வித்தியாசம் யார் கண்ணுக்கும் படாது. முனையும் மொட்டையாகாது, ஏனென்றால் நறுக்குவது பட்டையை மட்டும்தான். 20 பிளாக்குக்கு 44 பன்னாவில் ஒன்றே முக்கால் மீட்டர் வாங்குங்கள். ஒன்றரையில் வரும் என்று கணக்குச் சொல்லும், கடைசிப் பட்டைக்குத் துண்டு விழும். குவில்ட் 48×60இலிருந்து 56×70 ஆகிவிடும் என்பதை மட்டும் முன்னாலேயே யோசித்துக்கொள்ள வேண்டும்.

சாயம்போகும்

ஒரே ஒரு சிவப்புச் சுங்குடித் துண்டு. முதல் தண்ணீரில் பக்கத்து வெள்ளைக் கட்டம் எல்லாம் ரோஸ். பார்த்த பதற்றத்தில் யாரோ வெயிலில் விரித்துவிட்டார்கள், அதுதான் கெடுத்தது. காயாத வரைக்கும் கசிந்த சாயத்தை எடுப்பது சுலபம். ஈரத்தோடே பெரிய டப்பில், கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் ஊற்றி முழுசாக முங்கும்படி 12 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். தண்ணீர் நிறமில்லாமல் தெளியும் வரை மாற்றி மாற்றி இதையே செய்ய வேண்டும். உப்பும் வினிகரும் சாயத்தைப் பிடித்து நிறுத்தாது. அம்மா காலத்திலிருந்து சொல்வதுதான், ஆனாலும் நிறுத்தாது.

தைக்கும் முன்பே ஒரு துண்டைக் கண்ணாடி டம்ளரில் சோப்புத் தண்ணீரில் அரைமணி போட்டுப் பாருங்கள். தண்ணீர் நிறம் மாறினால் அந்தத் துணி வேண்டாம். என்ன அழகாக இருந்தாலும் வேண்டாம்.

பூன்லே மாடிவீடு

பிரிக்கலாமா கூடாதா என்ற சண்டைக்கு இங்கே சிங்கப்பூரில் ஒரு பழைய பதில் இருக்கிறது. 1942, ஜப்பானியர் பிடியில் இருந்த சாங்கி சிறை. அடைபட்ட பெண்கள் தைத்த மூன்று குவில்ட், ஒவ்வொன்றிலும் 66 கட்டம். காயம்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானியச் சிப்பாய்களுக்கு என்று ஆளுக்கொன்று. ஒவ்வொருத்தியும் தன் கட்டத்தில் தன் பெயரையும் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றையும் தைக்க வேண்டும். வேறு முகாமில் இருந்த கணவன்மார் அந்தப் பெயர்களைப் பார்த்தால் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளலாம். அங்கே ஒரு கட்டத்தைப் பிரித்து அழகாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓரப்பட்டை சொல்வதுதான் சரி.

ஆனால் என் கண் நின்ற இடம் வேறு. ஆஸ்திரேலியர்களுக்கான குவில்ட்டின் பின்பக்கத்தில் வாழ்த்து எழுதி, போர் முடிந்ததும் செஞ்சிலுவைச் சங்கத்திடம் கொடுக்கச் சொல்லி, கடைசியில் இதை டிரைகிளீன் செய்வது நல்லது என்றும் சேர்த்திருக்கிறார்கள். சிறைக்குள்ளே! இங்கே பாதிப் பேர் துவைக்கும் முறையை லேபிளில் எழுதுவதே இல்லை. (அந்தக் குவில்ட் இப்போது கான்பெரா போர் நினைவகத்தில் இருக்கிறது.)

மல்மல்

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எல்லாரும் பிளாக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். போர்த்திக்கொள்கிறவரை யாரும் யோசிக்கவில்லை. பார்த்துப் பார்த்துச் செய்த ஒரு குவில்ட் பீரோவில் நாப்தலின் உருண்டையோடு இரண்டு வாரம் இருந்தது. பெற்றுக்கொண்டவர் முகத்தருகே கொண்டுபோன உடனே தள்ளி வைத்துவிட்டார். கீமோ நேரத்தில் வாசனை என்றாலே குமட்டும். அதனால் கொடுப்பதற்கு முன் வாசனை இல்லாத சோப்பில் ஒரு தரம் துவைத்தே ஆகவேண்டும். ஊதுவத்தி எரியும் அறையில் மடித்து வைக்காதீர்கள். கம்ஃபர்ட் போடாதீர்கள்.

எடை: மருந்து ஏற்றும் அறையில் ஏசி குளிரும், ஆனால் கனமான போர்வையைத் தூக்க அந்த உடம்பில் தெம்பு இருக்காது. உள்ளே 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) பாலியெஸ்டர் பேட்டிங், அதாவது மேல்துணிக்கும் பின்துணிக்கும் நடுவில் வைக்கும் மெத்தென்ற விரிப்பு, போதும். சென்னை வீட்டுக்கு என்றால் அதுவும் வேண்டாம், பலமுறை துவைத்த காட்டன் புடவை இரண்டு மடிப்பு. இனிமேல் சுருங்க அதில் ஒன்றும் இல்லை. புதுக் காட்டன் பேட்டிங் முதல் துவையலில் நூற்றுக்கு மூன்று, நாலு, ஐந்து என்று சுருங்கும்.

அளவு: நாற்காலியில் உட்கார்கிறவருக்கு 48×60 சரி. சக்கர நாற்காலி என்றால் 36×48க்கு மேல் போகாதீர்கள், ஓரம் சக்கரத்தில் சிக்கும்.

பின்துணி: ஒவ்வொரு பக்கமும் 4 இஞ்ச் கூட வேண்டும். 48×60க்கு 56×68. 44 பன்னா துணியில் 56 இஞ்ச் நீளமாக இரண்டு வெட்டிக் குறுக்கே சேர்த்தால் மூன்று மீட்டரில் முடிகிறது. நீளவாக்கில் சேர்த்தால் மூன்றரை மீட்டர், வீண். பைண்டிங் (ஓரத்தை மூடித் தைப்பது) 2½ இஞ்சில் ஆறு பட்டை. பட்டன், மணி, ஜரிகை எதுவும் வேண்டாம், தோலில் உரசும். டூ பை டூ பிளவுஸ் துணியைப் பிளாக்குக்கு எடுக்காதீர்கள், உள்ளே மடங்கிய சீம் வெளியே தெரியும். பட்டுப் பிட்டு என்று வந்து சேர்வதில் பாதி பாலியெஸ்டர், காட்டன் சூட்டில் வைத்தால் உருகி ஒட்டும். 20 பிளாக் வேண்டுமென்றால் 23 பேரிடம் கேளுங்கள். மூன்று வராது. வந்துவிட்டால் பின்பக்கத்தில் வைத்துத் தைக்கலாம்.

இரண்டுநூல்

சரி, பிரிக்கவில்லை. பட்டை போடுகிறேன். ஆனால் மூன்று பட்டைச் சோதனையை விடமாட்டேன்.

முடிச்சு

மெஷின் குவில்ட்டிங் (மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது) செய்ய நேரமில்லாமல் முடிச்சு போட்ட குவில்ட். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு முடிச்சு போட்டார்கள், 4 இஞ்சுக்கு ஒன்று. நூல் பளபளப்பான பாலியெஸ்டர். இரண்டு துவையலில் ஒவ்வொன்றாக அவிழ ஆரம்பித்து, உள்ளே பேட்டிங் ஒரு மூலைக்குச் சுருண்டது. இதற்கு வேண்டியது காட்டன் பெர்ல் 8ஆம் நம்பர் எம்பிராய்டரி நூல், இரட்டையாக. முதல் சுற்றில் வலது நுனி இடதின் மேல், இரண்டாவதில் இடது நுனி வலதின் மேல். இரண்டும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு வழுக்கி அவிழும். நுனி ஒரு இஞ்ச் விட்டு வெட்ட வேண்டும்.

அந்தக் குவில்ட்டில் அவிழாமல் இருந்தவை பதினொன்று. யார் போட்டது என்று தெரியாததால் அப்படியே விட்டு, மற்றதை மட்டும் திரும்ப முடிந்தார்கள்.