மரை வேட்டைக்குப் பொண்டட் குண்டு அவசியமா?

தம்பலகாமத்தான்:
அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உரிமம் பெற்று மரை (சாம்பர் மான்) வேட்டையாடும் என் மைத்துனர், சாதாரணக் குண்டை விட்டு, ஈயமும் உறையும் பிணைக்கப்பட்ட பொண்டட் குண்டுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறார். அங்குள்ள மரைகள் 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுபோகப்பட்டவற்றின் வழிவந்தவை. கந்தளாய்ப் பக்கத்துக் காடுகளில் திரியும் அதே இனம். இங்கே இலங்கையில் அதைச் சுடுவது குற்றம். அங்கே குறைந்தது .270 அங்குலக் குழல் விட்டமுள்ள துவக்கும் 130 கிரெயின் (ஏறத்தாழ 8.4 கிராம்) குண்டும் இருக்க வேண்டும் என்பது விதி.

மாறத்தான் வேண்டும் என்பது என் கருத்து. சாதாரணக் குண்டில் ஈயம் செப்புறைக்குள் வெறுமனே அழுத்திப் பொருத்தப்பட்டிருப்பதால், தோள் எலும்பில் மோதியதும் உறை வேறு, ஈயம் வேறாகப் பிரிந்து, நெஞ்சறையை எட்டாமலே நின்றுவிடக்கூடும். பொண்டட் குண்டில் இரண்டும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருப்பதால், முனை காளான்போல் மலர்ந்த பின்னரும் பின்பகுதி பாரத்தோடு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்.

நிலாவெளியான்:
அண்ணன், பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நொஸ்லர் நிறுவனத்தின் அக்குபொண்ட் பிணைக்கப்பட்ட குண்டுதான். ஆனாலும் விலங்கில் பாய்ந்த பிறகு அதன் 60 முதல் 70 சதவீத எடையே எஞ்சும் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். 1946இல் கனடாவில் மூஸ் என்ற பெரிய மான் ஒன்றின் மீது சாதாரணக் குண்டு பலிக்காததைக் கண்டு ஜோன் நொஸ்லர் உருவாக்கிய பார்ட்டிஷன் குண்டில் பிணைப்பே கிடையாது; நடுவில் ஒரு செப்புத் தடுப்பு மட்டுமே உண்டு. அதுவும் ஏறக்குறைய அதே எடையைத் தக்கவைக்கிறது. தடுப்பு, பிணைப்பு இரண்டும் கொண்ட ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் குண்டுதான் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. மேலும், பக்கவாட்டில் நிற்கும் மரையின் நுரையீரலுக்குப் போகும் வழியில் விலா எலும்பைத் தவிர வேறு தடை இல்லை. அங்கே சட்டென்று விரியும் சாதாரண மென்குண்டே விலங்கை விரைவில் விழுத்தும், அதன் வேதனையும் சுருங்கும்.

தம்பலகாமத்தான்:
தம்பி, பக்கவாட்டில் நின்றால்தானே! அடர்ந்த புதரில் மரை பெரும்பாலும் சரிந்த கோணத்தில்தான் அகப்படும். மைத்துனர் அனுப்பிய படத்தில் வெறும் செப்புறை தோள்பட்டையோரம் சுருண்டு கிடக்கிறது. ஈயம் இறைச்சிக்குள் துகள் துகளாகச் சிதறியிருக்கிறது. குண்டு மறுபக்கம் வெளியேறாததால் இரத்தத் தடம் மிகவும் குறைவு. பள்ளத்தாக்குக்குள் ஓடிய விலங்கை இருட்டிய பிறகே கண்டெடுத்தார்கள். காயப்பட்ட விலங்கை அப்படி அலையவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

குச்சவெளி ஆசிரியை:
அந்தத் துகள்களைப் பற்றித்தான் நான் கேட்க வந்தேன். காயத்திலிருந்து தள்ளியிருக்கும் இறைச்சியிலும் கண்ணுக்குத் தெரியாத ஈயம் இருப்பதை எக்ஸ்ரே படங்கள் காட்டியிருக்கின்றன. பொண்டட் குண்டு அதைக் குறைக்கும், ஆனால் முற்றாக நீக்காது. 1989 முதல் பார்ன்ஸ் எக்ஸ் போன்ற முழுச் செப்புக் குண்டுகள் கிடைக்கும்போது, பிள்ளைகள் சாப்பிடும் இறைச்சிக்குள் ஏன் ஈயத்தை அனுப்ப வேண்டும்? கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு பயன்படுத்த முடியாது.

நிலாவெளியான்:
ரீச்சர், இறைச்சி விடயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் செப்பு ஈயத்தைவிடக் கடினமானது. வேகம் குறைந்தால் விரியாமல் ஊசித்துளையாகக் கடந்துபோகும். அக்குபொண்டுக்கே விநாடிக்கு ஏறத்தாழ 550 மீற்றர் வேகமாவது தேவை.

தம்பலகாமத்தான்:
மைத்துனர் சுடுவது 150 மீற்றருக்குள்தான். அந்தத் தூரத்தில் அவருடைய .30-06 ரகத் துவக்குக்கு வேகம் ஒரு குறையே அல்ல. ஆகவே செப்பையும் பொண்டட்டையும் அவருடைய துவக்கில் சுட்டுப் பார்த்து, எந்தக் குண்டுகள் இலக்கில் ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுகின்றனவோ அவற்றை எடுக்கச் சொல்லப்போகிறேன். மென்குண்டு வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.