கடைந்தபோது வட்டம், மூன்று மாதத்தில் நீள்வட்டம்: என் முதல் பூரிக்கட்டை

லேத்தில் (மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் எந்திரம்) முதன்முதலாகக் கடைந்த சமையலறைச் சாமானைப் பற்றி ஆளாளுக்குச் சொல்லும்போது என்னுடையதையும் சொல்லத் தோன்றுகிறது. கைப்பிடி இல்லாத, நேரான பூரிக்கட்டை. 45 செ.மீ. நீளம், 45 மி.மீ. விட்டம். கிண்ணம்போல உள்ளே குடையும் வேலை இல்லை, இரண்டு முனையையும் பிடித்துச் சுழலவிட்டு உளியை ஓட்டினால் போதும் என்று தைரியமாக இறங்கினேன்.

மரம் வெட்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நட்டநடு மையம் உள்ளே இருந்தால் காயும்போது வெடிக்கும் என்பதால் அதை ஒதுக்கித்தான் பிளந்தெடுத்தேன். ஈரம் இருப்பது தெரியும். ஆனால் ஈரமரம் கடைய அவ்வளவு சுகம்! சீவல் நாடா நாடாவாகப் பறந்தது, தூசியே இல்லை. நிமிடத்துக்கு 800 சுற்றில் மூலைகளைத் தட்டி உருட்டிவிட்டு, அப்புறம் 1,500-க்கு ஏற்றினேன்.

அங்கே ஒரு சிக்கல். நடுப்பகுதிக்கு உளி வந்ததும் கட்டை அதிர்ந்து, திருகாணிபோல வரி வரியாக விழுந்தது. பிடி தளர்ந்துவிட்டது என்று நினைத்து கட்டையின் ஒரு முனையை அழுத்திப் பிடிக்கும் டெயில் ஸ்டாக்கை இன்னும் இறுக்கினேன். அது தப்பு. நீளமான கட்டையை இறுக்க இறுக்க அது வில்லாக வளையும், அதிர்வு கூடும். அரைச்சுற்று தளர்த்தி, உளியைச் சாணை பிடித்து, மெல்லிசாகச் சீவிய பிறகுதான் வரிகள் போயின. ஐந்து செ.மீ.க்கு ஒரு பள்ளம் வெட்டி, விட்டம் அளக்கும் காலிப்பரில் அளந்து, பள்ளங்களை ஒன்றோடொன்று சேர்த்தேன். முடித்தபோது எங்கே அளந்தாலும் 45.

மூன்று மாதம் கழித்து மாவு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வர ஆரம்பித்தது. பலகையில் உருட்டினால் தட்டித் தட்டி ஓடியது. காலிப்பரை வைத்தேன். ஒரு வாக்கில் 44, குறுக்கு வாக்கில் 43. மரம் காயும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வட்டமாகக் கடைந்த ஈரக்கட்டை முட்டை வடிவத்துக்குப் போகத்தான் செய்யும்.

தூக்கிப் போட மனம் வரவில்லை. இன்னும் சில மாதம் காயவிட்டு மறுபடி ஏற்றினேன். முனைகளில் லேத் பிடித்திருந்த மையக் குழிகளை முன்பே அறுத்து எடுத்துவிட்டதால், நீள அகலக் கோடுகளைப் போட்டு மையத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 41 மி.மீ.க்கு இறக்கிய பிறகு இன்றுவரை நேராக ஓடுகிறது.

இப்போது புதுத்துண்டு வந்தால் இரண்டு முனையிலும் மெழுகு பூசிவிடுகிறேன். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். வாரம் ஒருமுறை எடை போட்டு, தேதியோடு கட்டையின் மேலேயே பென்சிலில் குறிக்கிறேன். எடை இறங்குவது நிற்கும்வரை உளியைத் தொடுவதில்லை.

* * *

உங்கள் பூரிக்கட்டையைக் கெடுத்தது ஈரம், என் வேலையைக் கெடுத்தது சாய்வு உளி, அதாவது விளிம்பு சரிவாக இருக்கும் உளி. நீளமான கரண்டிக்காம்பு, கடைசி வழவழப்புச் சீவல். உளியின் சரிவு முகம் மரத்தில் படிந்திருக்க, விளிம்பின் கீழ்ப்பாதிதான் வெட்ட வேண்டும். ஒரு நொடி மேல்முனை பட்டுவிட்டது. உளி உள்ளே குத்தி, காம்பு நெடுகப் பள்ளம் உழுது, துண்டு பிடியைவிட்டு எகிறி முகமூடியில் மோதியது. முகமூடி போட்டிருந்ததால்தான் கண் தப்பியது. தயவுசெய்து யாரும் அது இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள். போடுமுன் கட்டையைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டில் இடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

* * *

உங்கள் இருவருக்கும் ஈரமும் உளியும், நான் கெடுத்தது எண்ணெயில். கடைந்து, உப்புத்தாள் போட்டு, கையில் கிடைத்த சமையல் எண்ணெயைப் பூசினேன். அது காயும் எண்ணெய் இல்லை. பிசுபிசுப்பு போகவில்லை, சில வாரத்தில் சிக்கு வாடை வந்துவிட்டது. இப்போது ஆளிவிதை எண்ணெய் மட்டும்தான். காற்றுபட்டு இறுகிவிடும், ஆனால் நாள் எடுக்கும். ‘கொதிக்கவைத்தது’ என்று வண்ணப்பூச்சுக்கு விற்பதில் சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்ப்பது உண்டு, சாப்பாட்டுச் சாமானுக்கு அது வேண்டாம். இன்னொன்று: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

* * *

பூரிக்கட்டைக் கதை சொன்னவன்தான் மறுபடியும். துணி விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. நேற்றுவரை சுருட்டித்தான் வைத்திருந்தேன். அடுத்த கட்டை மூன்று வாரமாக 1,262 கிராமிலேயே நிற்கிறது. இந்த வாரம் லேத்தில் ஏற்றுகிறேன்.