ஓப்பன்சிமுலேட்டர்: மாணவர்கள் சேர்ந்து கட்டிய பாலம் லிங்க் ஆகவில்லை, உதவுங்கள்

பட்டறை_டீச்சர்:
தொழில்நுட்பப் பாடத்துக்காக எங்கள் சர்வரிலேயே ஓப்பன்சிமுலேட்டர் (முப்பரிமாண மெய்நிகர் உலகத்தை உருவாக்கும் மென்பொருள்) ஓடுகிறது. நான்கு பேர் சேர்ந்து ஒரு தொங்குபாலம் வடிவமைக்க வேண்டும். கோபுரம் ஒருத்தி, தளம் ஒருவன் என்று பிரித்துக்கொண்டார்கள். ஆனால் ஒருவர் செய்ததை மற்றவர் நகர்த்தக்கூட முடியவில்லை. எல்லாப் பாகங்களையும் ஒரே பொருளாக இணைக்க லிங்க் கொடுத்தால் உரிமையாளர் வேறு வேறு என்று மறுக்கிறது. இப்போது ஒரு பையன் மட்டும் கட்டுகிறான், மற்ற மூவரும் வேடிக்கை பார்க்கிறார்கள். குரூப்பில் எல்லோரையும் சேர்த்தாயிற்று. எங்கே தப்பு?

பிரிம்_பித்தன்:
குரூப்பில் ஆளைச் சேர்த்தால் போதாது மேடம், பொருளையும் சேர்க்க வேண்டும். எடிட் ஜன்னலில் 'ஜெனரல்' பகுதியில் அந்தக் குரூப்பைத் தேர்ந்தெடுத்து, 'ஷேர்' பெட்டியில் டிக் போடச் சொல்லுங்கள். அவரவர் பொருளுக்கு அவரவர்தான் போட முடியும். பக்கத்திலுள்ள 'டீட்' பொத்தான் பக்கம் போகாதீர்கள், உரிமையே குரூப்புக்குப் போய்விடும்.

லிங்க் தனிக் கதை. ஷேர் போட்டாலும் உரிமையாளர் மாறுவதில்லை. எல்லாப் பாகமும் ஒருவர் பெயருக்கு வர வேண்டும். இன்வென்டரி (அவரவர் பொருள் வைக்கும் பை) வழியாகக் கொடுத்தால் வைத்த இடம் கலைந்துவிடும். அதனால் விலை 0 போட்டு, 'ஒரிஜினல்' என்று விற்பனைக்கு வையுங்கள். வாங்கினால் இருந்த இடத்திலேயே கைமாறும். விற்பதற்கு முன் அடுத்த உரிமையாளருக்கான 'மாடிஃபை' (மாற்றும் அனுமதி) டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் திரும்பவும் மாட்டிக்கொள்வீர்கள்.

பட்டறை_டீச்சர்:
ஷேர் வேலை செய்கிறது, நன்றி! வாங்கத்தான் முடியவில்லை.

பிரிம்_பித்தன்:
ஓப்பன்சிம் ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பில், 'எகானமி' பகுதியில் 'செல்எனேபிள்ட்' வரியை 'ட்ரூ' ஆக்கி, சர்வரை மறுபடி தொடங்குங்கள்.

அளவுகோல்:
குறுக்கே பேசுகிறேன். இப்போதே ஏன் லிங்க்? லிங்க் செய்த பிறகு யாருடைய பாகத்தில் பிழை என்று தேடுவது பெரும்பாடு. எங்கள் வகுப்பில் கடைசி நாள்தான் லிங்க். முதல் நாள், பாகங்கள் சந்திக்கும் இடங்களின் எக்ஸ், ஒய், இசட் எண்களை (இருப்பிடத்தைக் குறிக்கும் எண்கள்) நால்வரும் சேர்ந்து முடிவுசெய்து ஒரு பலகையில் எழுதி அங்கேயே நட்டுவிடுவார்கள். வாதமெல்லாம் அந்தப் பலகை முன்னால்தான் நடக்கும். மதிப்பெண்ணில் பாதி அதற்கே கொடுக்கிறேன். அப்புறம் ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் 'சேவ் ஓஏஆர்' கட்டளையால் முழு நிலத்தையும் சேமித்துவிடுங்கள். ஷேர் போட்ட பொருளை யாராவது கெடுத்துவிட்டால் அதுதான் காப்பாற்றும்.

பட்டறை_டீச்சர்:
அந்த வரியை மாற்றியதும் வாங்க முடிந்தது. ஆனால் லிங்க்கைத் தள்ளிவைத்துவிட்டோம். பலகை நட்ட பிறகு பார்த்தால் கோபுரம் தளத்தைவிட அரை மீட்டர் குட்டை. யார் மாற்றுவது என்று நால்வரும் இன்னும் சண்டை போடுகிறார்கள்.