கிளினிக்குக்கு அம்மாவுடன் தோட்டத்து ஐயாவும் வருகிறார், தடுக்கலாமா?

பொகவந்தலாவைப் பெண்:
அம்மா தேயிலைக் கொழுந்து நிறுக்கப் போகும்போது மழையில் கல்லுப்படியில் சறுக்கி, இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. தகடு வைத்து ஐந்து வாரமாகிறது. ஒவ்வொரு கிளினிக்குக்கும் தோட்டத்து நலன்புரி ஐயா கூடவே வருகிறார். வேன் தருகிறார், நம்பர் எடுக்கிறார், பிஸ்கட்கூட வாங்கித் தருகிறார். கெட்டவர் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் டாக்டரின் அறைக்குள் அம்மாவுக்கு முன்னால் அவர்தான் நுழைகிறார். பேச்செல்லாம் சிங்களம். அம்மாவுக்கு விளங்கியது "ஹரி, ஹரி" (சரி, சரி) மட்டுமே. வெளியே வந்ததும், "இலேசான வேலை செய்யலாமாம், திங்கட்கிழமை பேர் போட வாங்க" என்றார், அதாவது வேலைக்கு வரச் சொல்கிறார். அம்மாவால் இன்னும் கொண்டை போட முடியவில்லை, நான்தான் முடிந்துவிடுகிறேன். கையெழுத்துக்கு இங்கிலீஷில் ஒரு தாளும் வந்திருக்கிறது. நாளை மறுபடி கிளினிக்.

பழைய கிளாக்கர்:
மகள், முதலில் அந்தத் தாளில் யாரும் கை வைக்க வேண்டாம். இருபத்தாறு வருடம் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் (வேலைநாள் பதிவேடு) எழுதியவன் நான். இப்படிப்பட்ட தாள்களை நானே டைப் அடித்திருக்கிறேன், அந்தப் பாவம் என் தலையில். இலங்கையின் 1934ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரைமாதத்துக்கு ஒரு கொடுப்பனவு உண்டு. ஐயா திங்கட்கிழமைக்கு அவசரப்படுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

தோட்டம் தன் செலவில் ஒரு டாக்டரிடம் காட்டச் சொன்னால் அம்மா போகத்தான் வேண்டும், மறுத்தால் நட்டஈடு நின்றுபோகலாம். ஆகவே வேனில் ஏறட்டும். ஆனால் துரையின் (தோட்ட மேலாளரின்) ஆள் அறைக்குள் நிற்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. நீங்கள் உள்ளே போங்கள். எந்த வேலை கூடாது என்பதை டாக்டரின் கையாலேயே கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

தொகை பேசி முடித்தாலும் ஒப்பந்தம் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவாக வேண்டும். குறைவாகப் பட்டால் அவர் பதிய மறுக்கலாம். 2022இல் நட்டஈட்டின் உச்சவரம்பு 20 இலட்சம் ரூபாயானது, ஆனால் மணிக்கட்டுக்கு அதைக் கனவு காணாதீர்கள்.

மஸ்கெலியா மருமகன்:
என் மாமியாருக்கும் தோள்மூட்டு விலகியபோது "இலேசான வேலை"தான் கொடுத்தார்கள். எங்கே தெரியுமா? பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்), பிள்ளை தூக்குவதற்கு! அதற்கும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்.

பொகவந்தலாவைப் பெண்:
போய்விட்டு வந்தோம். கதவருகே ஐயா, "நான் பேசுகிறேனே தங்கச்சி" என்றார். "நீங்கள் இருங்கள் ஐயா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கால் நடுங்கியது உண்மை. பார்த்தால் டாக்டருக்குக் கொஞ்சம் தமிழ் வருகிறது! அம்மாவிடமே "வலிக்கிறதா?" என்று கேட்டார். அம்மா பழக்கதோஷத்தில் "ஹரி, ஹரி" என்று தலையாட்டினார். நான்தான் கொண்டை விஷயத்தைச் சொன்னேன். இன்னும் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, கொழுந்து பறிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

திரும்பும்போது வேனில் பிஸ்கட் வரவில்லை. தாள் அரிசி வாளிக்கு அடியில் இருக்கிறது.