ஹாப்சலு சால்வை: நுப் வைத்த லேஸை முதல் தடவை பின்னுவது எப்படி?

யீஷூன்_கலா:
எல்லோருக்கும் வணக்கம். ஸ்வெட்டர், கேபிள் வைத்த தொப்பி, குழந்தைப் போர்வை எல்லாம் பின்னியிருக்கிறேன், லேஸில் மட்டும் ஒரு சின்ன ஸ்கார்ஃபைத் தாண்டிப் போனதில்லை. மகள் செப்டம்பரில் கிளாஸ்கோவுக்குப் படிக்கப் போகிறாள், அவள் தோளில் என் கையால் பின்னிய எஸ்தோனியா நாட்டு ஹாப்சலு சால்வை ஒன்று இருக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. லில்லி ஆஃப் தி வேலி டிசைன். நடுவில் நீள்சதுரம், சுற்றிலும் தனியாகப் பின்னித் தைக்கும் ஓர லேஸ், பூ முழுக்க நுப், அதாவது குட்டி மொட்டு மாதிரி புடைத்து நிற்கும் முடிச்சு.

அந்த நுப்தான் பயமுறுத்துகிறது. ஒரே கண்ணியில் ஏழு எடுத்து, திரும்பி வரும் வரிசையில் ஏழையும் சேர்த்து ஒரே பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடும் கண்ணி) போட வேண்டும், பழகிப் பார்த்தால் ஊசி உள்ளே நுழையவே மாட்டேன் என்கிறது. அதற்குப் பதில் மணி கோத்துவிடலாமா? அப்புறம் நூல். சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் பார்த்த மெல்லிய பருத்தி நூல் கைக்கு இதமாக இருந்தது, இந்தச் சிங்கப்பூர் வெக்கையில் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடியுமா என்று யோசனை. நேராக இதையே ஆரம்பிக்கலாமா, இல்லை வேறு எளிய லேஸ் ஒன்றைப் பின்னிவிட்டு வரலாமா?

பூன்லே_சரோஜா:
நேராக இதையே ஆரம்பியுங்கள் கலா. கேபிள் போட்டவருக்கு சார்ட், அதாவது டிசைனைக் கட்டம் கட்டமாகக் காட்டும் படம், பார்க்கத் தெரியும், முன்பக்க வரிசையை வலமிருந்து இடம் படிக்க வேண்டும், திரும்பும் வரிசை இந்த டிசைனில் முழுக்க பர்ல், அவ்வளவுதான்.

பருத்தி மட்டும் வேண்டாம். அதற்கு இழுவை கிடையாது, ஏழு கண்ணியைச் சேர்த்து எடுக்கும்போது கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது, கழுவி இழுத்துக் காயவைத்தாலும் லேஸ் திறந்தபடி நிற்காமல் சுருங்கித் தொங்கிவிடும். ஹாப்சலுக்காரர்கள் எடுப்பது 28/2 கம்பளி நூல், 100 கிராமில் 1400 மீட்டர் வரும், ஒரு சால்வைக்குப் பெரும்பாலும் அதுவே போதும். அத்தனை மெல்லிய நூல் மடியில் கிடப்பதே தெரியாது, வெக்கையை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். முதல் தடவைக்கு அதைவிடக் கொஞ்சம் தடித்த லேஸ் கம்பளி எடுத்தாலும் தப்பில்லை, ஆனால் வெளிர் நிறமாக இருக்கட்டும், கருநீலத்தில் ராத்திரி விளக்கடியில் கண்ணி தெரியாது.

நுப்புக்கு வருகிறேன். ஊசி நுழையாததற்குக் காரணம் திரும்பும் வரிசை அல்ல, அதற்கு முந்தைய வரிசைதான். ஒரு நிட் (சாதாரணக் கண்ணி), ஒரு யார்ன் ஓவர் (ஊசி மேல் நூலைச் சுற்றுவது), ஒரு நிட் என்று ஒரே கண்ணிக்குள் மாற்றி மாற்றி எடுக்கும்போது ஒவ்வொரு வளையத்தையும் விரலால் மேலே இழுத்து, பார்க்க அசிங்கமாகத் தொங்கும் அளவுக்கு நீளமாக விடுங்கள். அடுத்த வரிசையில் சேர்த்து எடுத்ததும் அது தானாக உருண்டு மொட்டாகிவிடும். ஊசி கூர்முனை உள்ளதாக இருக்க வேண்டும். அப்படியும் முரண்டு பிடித்தால் மெல்லிய குரோஷே ஊசியை ஏழு வளையத்துக்குள்ளும் விட்டு நூலை இழுத்து, வந்த ஒற்றைக் கண்ணியை ஊசியில் மாட்டிவிடுங்கள்.

தோபாயோ_நூல்காரன்:
சரோஜா அக்கா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நேராகச் சால்வைக்குள் இறங்காதீர்கள். அதே நூல், அதே ஊசி, அதே டிசைனில் ஒரு துண்டு பின்னி, நனைத்து, இழுத்து குண்டூசி குத்திக் காயவைத்துப் பாருங்கள். லேஸ் காய்வதற்கு முன் ஓர் அளவு, பின் வேறோர் அளவு. ஊசியை 3.25 மி.மீ.இலிருந்து 3.75க்கு மாற்ற வேண்டுமா என்பது அந்தத் துண்டில்தான் தெரியும். ஏழு கஷ்டமாக இருந்தால் ஐந்து கண்ணி நுப்பும் வழக்கத்தில் உள்ளதுதான்.

மணி வேண்டாம் கலா அக்கா. ஹாப்சலு கடலோர ஊர், 1825இல் அங்கே சேற்றுக் குளியல் இல்லம் திறந்தபின் உடம்பைத் தேற்ற வந்த ரஷ்யச் சீமாட்டிகள் வாங்கிப் போய்த்தான் இந்தச் சால்வைக்குப் பேர் வந்தது. எடைக்கு விற்ற காலத்தில் நுப் எடையைக் கூட்டியது என்பார்கள், மெஷினில் அது வராது என்பதால் கைவேலை என்பதற்கும் அதுவே சாட்சி. மகளுக்கு உங்கள் கையால் என்கிறீர்கள், அப்படியானால் நுப்தான் வேண்டும்.

செங்காங்_மீனா:
லைஃப்லைனை யாருமே சொல்லவில்லையே! பூவின் ஒரு சுற்று முடிந்ததும், நுப்பெல்லாம் மூடிய பர்ல் வரிசையில், வழவழப்பான வேறு நிற நூலைத் தையல் ஊசியில் கோத்து எல்லாக் கண்ணிக்குள்ளும் விட்டுவிடுங்கள், இடம் அடையாளம் காட்ட ஊசியில் மாட்டும் மார்க்கர் வளையத்துக்குள் மட்டும் நூல் போகக் கூடாது. பிறகு எங்கே தவறினாலும் அந்த வரிசை வரை தைரியமாக உருவலாம்.

எம்ஆர்டி ரயிலில் இதை எடுக்காதீர்கள், அங்கே பின்ன வேறு எளிய வேலை வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்த கையில் மூங்கில் ஊசி ஒட்டும், உலோக ஊசி நல்லது.

யீஷூன்_கலா:
மூவருக்கும் மிக்க நன்றி. வளையத்தை நீளமாக இழுத்துவிட்டு இப்போதே பழைய கம்பளியில் போட்டுப் பார்த்தேன், ஊசி வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது! வெள்ளைக் கம்பளியே வாங்கப் போகிறேன், முதலில் துண்டு, பிறகு சால்வை. இன்னொன்று, வீவக அடுக்குமாடி வீட்டில் இவ்வளவு நீளத்தை எங்கே விரித்துக் காயவைப்பீர்கள்?

பூன்லே_சரோஜா:
பிள்ளைகள் விளையாடும் நுரைப்பாய் இருக்கிறதே, ஒன்றோடொன்று கோக்கும் சதுரங்கள், அதைக் கூடத்தில் தேவையான நீளத்துக்கு அடுக்கிக்கொள்ளுங்கள். சால்வையை வெறும் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் டவலில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்துவிட்டு, ஓர லேஸின் ஒவ்வொரு முனையையும் துருப்பிடிக்காத குண்டூசியால் இழுத்துக் குத்துங்கள். ஃபேனை ஓடவிட்டு முழுக்கக் காய்ந்த பிறகே ஊசிகளை எடுக்க வேண்டும், இந்த ஊர் ஈரக்காற்றில் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் இழுத்த வடிவம் திரும்பச் சுருங்கிவிடும். ஓரத்துக்குக் கண்ணி ஏற்றும்போது நூலை இரட்டையாகப் பிடியுங்கள், முனை விறைப்பாக நிற்கும்.